எல்லாரும் மணத்த நாள்

குட்டைக்கரையில் சடையன் படுத்தால் வேறு யாருக்கும் படுக்க இடம் இருக்காது. அவ்வளவு பெரிய நாய். உடம்பு முழுக்க முரட்டு முடி. காது இரண்டும் தரையில் இழுபடும். தாடியில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் சொட்டும். கண்ணை முடி மறைத்திருந்ததால் அது யாரையும் பார்த்து அடையாளம் கண்டதில்லை. எல்லாம் மூக்குதான்.

அது இந்தக் காட்டில் பிறந்த நாய் இல்லை. எங்கோ தூரத்து மலையில் ஒரு காட்டுப்பன்றியை மோப்பம் பிடித்தது. மூக்கைத் தரையில் வைத்தபடி நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. தலையைத் தூக்கியபோது வேறு மலை. திரும்பிப் போகலாம் என்றால் வந்த தடத்தை மழை கழுவிவிட்டது.

"மோப்ப நாய்னு சொல்ற, வழி தெரியாம நிக்கிற?" என்று கேட்டது சிலுப்பன். சிலுப்பன் ஒரு முள்ளம்பன்றி. மனதில் பட்டதை உடனே கேட்டுவிடும்.

"மழைக்கு என்னால என்ன செய்ய முடியும்?" என்றது சடையன்.

"சரி, இங்கயே இரு. ஆனா என் வளை பக்கத்துல உடம்பை உதறாத. உள்ள வெள்ளம் வந்துடுது."

இப்படித்தான் சடையன் குட்டைக்கரையில் தங்கியது.

அதோடு வாழ்வது லேசான வேலை இல்லை. ஒரு பலாப்பழத்தை ஒரே மூச்சில் தின்றுவிடும். தின்ற பிறகு தாடியில் ஒட்டியதை நாள் முழுக்க நக்கும். மூக்கு எதையாவது பிடித்துவிட்டால் காது கேட்காது. பத்து பேர் சேர்ந்து கத்தினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். புதருக்குள் புகுந்து வந்தால் பாதிப் புதர் அதன் முடியில் இருக்கும்.

ஆனால் அது வந்த பிறகு சிறுத்தை அந்தப் பக்கமே வரவில்லை. சடையன் குரைத்தால் மலையே ஒரு தடவை திருப்பிக் குரைக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். யார் வந்தாலும் வால் தரையைப் பெருக்கும். யார் அழுதாலும் பக்கத்தில் வந்து பொத்தென்று படுத்துக்கொள்ளும். அழுகிறவர் மேலேயே படுத்துவிடுவதும் உண்டு.

அதனால் எல்லாரும் ஆளுக்கு ஒரு வேலையாக அதைப் பார்த்துக்கொண்டார்கள். சிலுப்பன் தன் உடம்பிலிருந்து விழுந்த முள்ளை வைத்துச் சடையனின் முடியைச் சிக்கெடுக்கும். செவத்தி என்ற கீரி, காய்ந்த பாசியை எடுத்து வந்து அதன் காதுக்குள் துடைத்துவிடும்.

"ஆடாதண்ணே. காதுக்குள்ள ஈரம் நின்னா புண்ணு வந்துடும்."

"கூசுது."

"கூசட்டும்."

செவத்தியின் குட்டி பேர் பொட்டு. பொட்டு படுப்பது சடையனின் கழுத்து முடிக்குள்தான். உள்ளே போய்விட்டால் மூக்கு நுனி மட்டும் தெரியும். "அவ அங்க இருந்தா எனக்கு நிம்மதி, நாலு வேலை பாக்கலாம்" என்று செவத்தி சொல்லும்.

எல்லாம் நன்றாகப் போனது. ஒரு சொல் வந்து கெடுத்தது.

ஒரு நாள் காலையில் வெள்ளையம்மா என்ற கொக்கு தன் இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாவுக்கு வெள்ளைதான் உயிர். ஒரு துளி சேறு பட்டாலும் அன்றைக்கு யாரோடும் பேசாது. அப்போது பொட்டு, சடையனின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"மாமா, நான் யாரு சொல்லு?"

"பொட்டு. நல்லா நாறுறியே, தெரியாதா? உங்கம்மா மாதிரியே நாறுற."

வெள்ளையம்மா திரும்பிப் பார்த்தது. சடையன் வாலை ஆட்டியபடி தொடர்ந்தது.

"வெள்ளையக்காவும் அங்கதானே இருக்காங்க. மீன் நாத்தம், இறகு நாத்தம். குட்டைக்கு அந்தாண்ட இருந்தே தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச நாத்தம்."

கொக்கின் கழுத்து இரண்டு மடங்கு நீண்டது.

"யாரு நாறுறா? நானா?"

"ஆமாக்கா. நாறாம இருந்தா எப்படி?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சடையன் பிறந்த மலையில் நாய்களுக்கு எல்லா வாசனைக்கும் ஒரே சொல். பூவும் நாறும், மழையும் நாறும், பெற்ற தாயும் நாறும். நல்ல நாற்றம், கெட்ட நாற்றம் என்ற பிரிவே அங்கே கிடையாது. இது குட்டைக்கரையில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளையம்மா நேராகச் செவத்தியிடம் போனது.

"உன் பிள்ளை நாறுதாம். உன்னை மாதிரியே நாறுதாம். சடையன் சொல்றான், கேட்டியா?"

"அண்ணனா சொன்னாரு?"

"அவனேதான். தாடியில ஊறின மீனை வச்சுக்கிட்டு நம்மளைச் சொல்றான் பாரு."

செவத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னைச் சொல்லியிருந்தால் விட்டிருக்கும். பிள்ளையைச் சொன்னால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? நேராகச் சடையனிடம் வந்தது.

"ஏண்ணே, என் பிள்ளை நாறுதா?"

"ஆமா. ஏன், உனக்குத் தெரியலையா?" என்றது சடையன், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

செவத்தி விருட்டென்று திரும்பிப் போய்விட்டது. சடையன் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனது. என்ன தப்பு நடந்தது என்று அதற்குப் புரியவில்லை. பாவம், புரிய வைக்கவும் ஆள் இல்லை.

மறுநாள் வெள்ளையம்மா எல்லாரையும் கூட்டியது.

"இனிமே இந்தக் குட்டையில யாரும் நாறக் கூடாது. பூந்திக்கொட்டையை நுரைச்சு எல்லாரும் குளிக்கணும். அப்புறம் எலுமிச்சைப்புல்லைக் கசக்கி உடம்பு முழுக்கத் தேய்க்கணும். முக்கியமா ஒரு ஆளு."

எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள்.

"நானுமா? நான் எப்பவும் தண்ணிக்குள்ளதானே கிடக்கேன்?"

"அதான் சொல்றேன். ஊறின நாயா கிடக்காம சுத்தமா இரு. இங்க இருக்கணும்னா குளி. இல்லைன்னா உன் மலைக்கே போ."

சடையனுக்கு வந்த வழி தெரியாது. போக வேறு இடம் இல்லை. அதைவிட, பொட்டை விட்டுப் போக மனசும் இல்லை. தண்ணீரில் இறங்கியது.

சிலுப்பன் மட்டும் முணுமுணுத்தது. "அந்த முடியில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிட்டா குளிருமே. தண்ணி உள்ள இறங்கிடுமே."

"நீ முதல்ல முதுகைக் காட்டு" என்றது வெள்ளையம்மா.

"காட்டுறேன். தேய்க்கிறவங்க கையைக் குத்தினா என்னைக் கேக்காதீங்க."

நுரையோ நுரை. குட்டையே வெள்ளையாகிவிட்டது. சடையனைத் தேய்க்க ஒரு மரத்துக் காய் போதவில்லை, அடுத்த மரத்துக்குப் போனார்கள். காது சேற்றில் இழுபடுகிறது என்று வெள்ளையம்மா இரண்டு காதையும் மேலே தூக்கி, உச்சந்தலையில் கொடி வைத்துக் கட்டிவிட்டது. பார்க்க எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சிலுப்பன் ஒரு தடவை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வளைக்குள் போய்விட்டது.

செவத்தி தன் குட்டியை மூன்று முறை தேய்த்தது. பொட்டு கத்தியது.

"அம்மா, போதும்மா. எரியுது."

"பொறு. இனிமே உன்னை யாராச்சும் ஒரு சொல் சொல்லட்டும், பாக்கிறேன்."

வெயில் ஏறுவதற்குள் குட்டைக்கரை முழுக்க எலுமிச்சைப்புல் மணம். வெள்ளையம்மா மூச்சை இழுத்து இழுத்து விட்டது. எல்லாருக்கும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சடையன் மட்டும் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பியது. இடது பக்கம் முகர்ந்தது, எலுமிச்சைப்புல். வலது பக்கம், எலுமிச்சைப்புல். யாரோ பக்கத்தில் போனார்கள். யார் என்று தெரியவில்லை. காடு முழுக்க ஒரே ஆள் உலாவுவது போல இருந்தது. அது மெல்ல ஒரு மரத்தடிக்குப் போய்ப் படுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு போன முடிக்குள் காற்று புகுந்து நடுக்கியது.

கொஞ்ச நேரத்தில் பொட்டு வந்தது. மாமாவைத் திடுக்கிட வைக்கலாம் என்று சத்தம் போடாமல் வந்து, கழுத்தில் ஏறி முடிக்குள் நுழையப் பார்த்தது.

சடையன் கழுத்தை உதறியது.

"யாரும்மா அது? எறங்கு. அது எங்க பொட்டு படுக்கிற இடம்."

பொட்டு கீழே விழுந்தது. எழுந்து அதன் மூக்குக்கு நேராகப் போய் நின்றது. சடையன் ஒரு முறை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பொட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரலை வைத்துத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வயதில் அதெல்லாம் தோன்றாது. மாமாவுக்கு நம்மைத் தெரியவில்லை என்றால் நம்மிடம்தான் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்தது. தொலைந்ததைத் திரும்ப எடுத்து வரலாம் என்று கிளம்பிவிட்டது.

மாலை ஆவதற்குள் வானம் கறுத்தது. மழை வரப் பார்த்தது.

"பொட்டு! ஏ பொட்டு!" செவத்தி வளை வளையாகத் தேடியது. பிறகு மரத்தடிக்கு ஓடி வந்தது.

"அண்ணே, அவ உங்கிட்ட இல்லையா?"

"யாரு, செவத்தியா பேசுறது? பொட்டு இன்னும் வரலையே. அவளுக்காகத்தான் இடத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நடுவுல ஏதோ ஒண்ணு வந்து கழுத்துல ஏறுச்சு. எறங்கச் சொல்லிட்டேன்."

செவத்தி அப்படியே நின்றது.

"அதுதாண்ணே அவ."

சடையன் எழுந்து நின்றது.

"என்ன சொன்ன அவகிட்ட?" என்று சத்தம் கேட்டு வந்த சிலுப்பன் கேட்டது.

"இது பொட்டு இடம், எறங்குன்னு சொன்னேன்."

"பொட்டுகிட்டயே?"

"அவ நாறவே இல்லையே, சிலுப்பா. நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

வெள்ளையம்மா மேலே பறந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. "மரம் மறைக்குது. ஒண்ணும் தெரியலை. மழை வேற வருது. மழை வந்தா ஓடைக்கு அந்தாண்ட பன்றிங்க புரளுற பன்றிக்குழியெல்லாம் நிரம்பிடும். ஆனா அந்தப் பக்கம் போயிருக்க மாட்டா. இப்பதானே குளிப்பாட்டியிருக்கோம், சேத்துல போய் யாரு விழுவா?"

சடையன் மூக்கைத் தரையில் வைத்தது. இங்கே ஒரு எலுமிச்சைப்புல் தடம். அங்கே ஒன்று. பாறை மேல் ஒன்று. காலையிலிருந்து எல்லாரும் எல்லாப் பக்கமும் நடந்திருந்தார்கள். எது பொட்டு, எது சிலுப்பன், எது யாரோ ஒரு முயல், எதுவும் தெரியவில்லை. நாலு அடி போகும், திரும்பும், இன்னொரு பக்கம் நாலு அடி போகும்.

"இந்தக் கட்டை அவிழ்த்து விடுங்க. காது தொங்கினாத்தான் தரையில கிடக்கிற நாத்தத்தை வாரி மூக்குக்குத் தள்ளும்" என்றது.

வெள்ளையம்மா வந்து தன் அலகாலேயே கொடியை அறுத்தது. காது இரண்டும் சேற்றில் விழுந்தன.

அப்படியும் முடியவில்லை. முதல் மழைத்துளி விழுந்தது. மழை பிடித்துவிட்டால் இருக்கிற தடமும் போய்விடும். அது சடையனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

செவத்தி அங்கும் இங்கும் ஓடியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய்விட்டது. பயத்தில் உடம்பு வேர்த்துக் கொட்டியது. சடையனுக்குப் பக்கத்தில் வந்து, முடியாமல் உட்கார்ந்தது.

சடையனின் மூக்கு சட்டென்று நின்றது.

"செவத்தி, கொஞ்சம் பக்கத்துல வா."

"என்னண்ணே?"

"நீ நாறுற. பயத்துல நாறுற. இது புல்லு இல்லை, இது நீ. நல்லா நாறுற, செவத்தி."

வெள்ளையம்மா கழுத்தை நீட்டியது, உடனே சுருக்கிக்கொண்டது.

செவத்தி தன் முகத்தை அதன் மூக்கோடு சேர்த்து வைத்தது. "நாறட்டும்ணே. எடுத்துக்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

சடையன் மூச்சை இழுத்தது. பயந்தால் பிள்ளையும் தாயைப் போலத்தான் வேர்க்கும். அழுதுகொண்டு போன பிள்ளை தன் தடத்தில் எங்கேயாவது அந்தப் பயத்தை விட்டிருக்கும். மரத்தடியிலிருந்து மறுபடி தொடங்கியது. பொட்டு விழுந்த இடம். எழுந்த இடம். புல்லின் மணத்துக்கு அடியில், நூல் மாதிரி, மெல்லிசாக ஒன்று.

அது ஒரு நீண்ட குரல் கொடுத்தது. மலை திருப்பிக் கொடுத்தது. பிறகு கிளம்பிவிட்டது.

"ஓடைக்குப் போறான். டேய் சடையா, முடியெல்லாம் தண்ணி குடிச்சிடும்டா, பாத்துப் போ," என்று சிலுப்பன் கத்தியது. எங்கே கேட்கப் போகிறது? மூக்கு பிடித்துவிட்டது. காது வேலை செய்யாது.

பொட்டு தாவிப் போன சின்னப் பாறைகளில் சடையனின் கால் நிற்காது, அது தண்ணீரிலேயே இறங்கிவிட்டது. முன்பெல்லாம் ஓடையில் இறங்கினால் தண்ணீர் முடிமேல் வழிந்து போய்விடும். இன்றைக்குத் தோல்வரை இறங்கியது. முடி கனத்தது. யாரோ கல்லைக் கட்டி இழுப்பது போல இருந்தது. நடு ஓடையில் சடையன் ஒரு முறை முழுகியே போனது. செவத்தி கரையில் நின்று அலறியது. ஆனால் மூக்கு மட்டும் வெளியே வந்தது. பின்னால் தலை. பின்னால் அந்தப் பெரிய உடம்பு. நடுங்கிக்கொண்டே கரை ஏறி, நிற்காமல் நடந்தது. செவத்தியும் சிலுப்பனும் பாறை தாண்டிப் பின்னால் ஓடினார்கள்.

பன்றிக்குழியில்தான் இருந்தது பொட்டு.

அந்தப் பக்கத்திலேயே அதிகமாக நாறுகிற இடம் அதுதான். அங்கே புரண்டால் மாமாவுக்குத் தெரிகிற மாதிரி ஆகிவிடலாம் என்று வந்திருந்தது. புரண்டது. சேறு பிடித்துக்கொண்டது. இப்போது மார்பு வரைக்கும் சேறு. மேலே மழை.

சடையன் ஓரத்தில் கால் வைத்ததும் கரை உள்ளே சரிந்தது. அவ்வளவு கனத்தை அந்த மண் தாங்காது. உடனே பின்வாங்கி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. தலையை மட்டும் குழிக்குள் நீட்டி, ஒரு காதைத் தொங்கவிட்டது.

"பிடிச்சு ஏறு."

"காது பிஞ்சிடும் மாமா."

"பிய்யட்டும். ஏறுடி."

பொட்டு காதை நகத்தால் பற்றியது. வலித்தது. சடையன் அசையவில்லை. காது முடியைப் பிடித்து, பிறகு தாடியைப் பிடித்து, பிறகு நெற்றி முடியைப் பிடித்துப் பொட்டு மேலே வந்தது. வழவழவென்று முடி வெட்டி வைத்த நாயாக இருந்தால் எதைப் பிடித்திருக்கும்? மேலே வந்ததும் செவத்தி பிள்ளையைக் கவ்விக்கொண்டது. அடித்தது. நக்கியது. திரும்ப அடித்தது.

பொட்டு அம்மாவின் கையிலிருந்து நழுவி, சேற்று உருண்டையாகச் சடையனின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"இப்பத் தெரியுதா மாமா?"

சடையன் முகர்ந்தது. அவசரப்படாமல் முகர்ந்தது.

"பன்றி. அழுகின இலை. தவளை. அப்புறம் அந்தப் பாழாப்போன புல்லு. அதுக்கெல்லாம் அடியில பொட்டு."

பொட்டு அதன் கழுத்து முடிக்குள் நுழைந்துகொண்டது. இந்த முறை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

குட்டைக்கு வந்ததும் செவத்தி காய்ந்த பாசி தேடிப் போனது. மழையில் பாசி எல்லாம் நனைந்திருந்தது. தன் வளைக்குள் படுக்கைக்கு வைத்திருந்த காய்ந்த புல்லையே எடுத்து வந்து, சடையனின் காதை மெதுவாகத் துடைத்தது. காதில் நகக்கீறல். கீறலைச் சுற்றித் துடைத்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். நாத்தம்னா உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

சடையன் தலையைத் தூக்கியது. அது இங்கே வந்த நாளிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை.

"இது என்ன கேள்வி? நீ இருக்கேன்னு அர்த்தம். வேற யாரும் இல்லை, நீதான்னு அர்த்தம்."

செவத்தி துடைப்பதை நிறுத்தியது. "அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லா ஊர்லயும் அதானே அர்த்தம்னு நினைச்சேன்."

"இங்க வேற மாதிரிண்ணே. இங்க அது திட்டுற வார்த்தை."

சடையனின் வால் நின்றுவிட்டது. "அய்யோ. வெள்ளையக்காகிட்டப் போய்ச் சொன்னேனே."

வெள்ளையம்மா பக்கத்துக் கிளையில்தான் இருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"குட்டைக்கு அந்தாண்டயே நான் இருக்கேன்னு உனக்குத் தெரியும்னுதானே சொன்ன?" என்றது.

"ஆமாக்கா."

"அதுவும் பிடிக்கும்னு சொன்ன."

"ஆமாக்கா."

"சரி, விடு. உன்னைப் போன்னு சொன்னது நான்தான். அதை மனசுல வச்சுக்காத." இறகை ஒரு முறை கோதிக்கொண்டது. "ஆனா ஒண்ணு, எங்க ஊரு அர்த்தத்துலயும் நீ நாறுற. அதை நான் மாத்திச் சொல்ல முடியாது."

சிலுப்பன் சிரித்ததில் அதன் முள்ளெல்லாம் கலகலத்தன.

மறுநாளிலிருந்து பூந்திக்கொட்டை மரத்துப் பக்கம் யாரும் சடையனைக் கூட்டிப் போகவில்லை. சேறு அதிகமானால் ஓடையில் அலசிவிட்டார்கள். காதைத் துடைத்தார்கள். சிக்கெடுத்தார்கள். பிசுக்கு திரும்ப வரும்வரை அதைக் குளிர் அண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையம்மா தினமும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் பக்கத்துக் கிளைதான், தூரத்துக் கிளை இல்லை.

கூட வாழ்கிறவர் ஒரு சொல் சொன்னால், அதற்கு நம் அர்த்தத்தை வைத்துக் கோபப்பட்டு அவரை மாற்றக் கிளம்புவதற்கு முன்னால், அவருடைய அர்த்தம் என்ன என்று அவரிடமே கேட்க வேண்டும்.